"அங்கே 900தான் போட்டிருக்கு!"

நம்ம ஊரில் பைக் ஷோரூம் என்றால் ஸ்பிளெண்டரும் பல்சரும் வரிசையாக நிற்கும். இங்கிலாந்தில் பைக் ஷாப் என்றால் சைக்கிள் கடை. ஆயிரம் பவுண்டு சைக்கிள் அங்கே ஒன்றும் அதிசயமில்லை (நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்!). அந்த ஊர்ச் சின்னக் கடைகளில் எந்தச் சனிக்கிழமையும் நடக்கக்கூடிய காட்சி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். கடைக்காரர் அவர் உயரத்தையும் கால் நீளத்தையும் அளக்கிறார். 54 அளவு ஃபிரேமா, 56ஆ என்று இரண்டிலும் ஏற்றி உட்காரவைக்கிறார், சீட்டை ஏற்றி இறக்குகிறார், தெருவில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்கிறார். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. எல்லாம் முடிந்ததும் வந்தவர் மொபைலை எடுத்து நீட்டுகிறார். "இதே சைக்கிள் அங்கே 900தான் போட்டிருக்கு. நீங்க தருவீங்களா?"

கடையில் ஒட்டியிருக்கும் விலை 1000 பவுண்டு. நூறு பவுண்டுதானே, கொடுத்துவிட்டால் என்ன?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அந்த 1000த்தில் 20 சதவீதம் வாட் வரி அடக்கம். வரியைக் கழித்தால் கடைக்கு மிஞ்சுவது 833. வாங்கிய விலை 560 என்று வைத்துக்கொள்வோம் (இது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்). மொத்த லாபம் 273. இதில்தான் வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம். இப்போது 900க்கு விற்றால் வரி போக 750, லாபம் 190. விலையில் பத்து சதவீதம் குறைத்தால் லாபத்தில் முப்பது சதவீதம் காணாமல் போகிறது! பழைய லாபத்தை எட்ட, 100 சைக்கிள் விற்ற இடத்தில் 144 விற்றாக வேண்டும். ஒரு மெக்கானிக்கும் ஒரு முதலாளியும் இருக்கும் கடையில் அது நடக்கிற காரியமா?

பெரிய கடைகளுக்கு இந்தத் தலைவலி இல்லையா என்று கேட்கலாம். ஹால்ஃபோர்ட்ஸ், ஈவான்ஸ், இணையத்தில் விக்கிள் என்று எல்லோருமே ஏதாவதொரு வடிவில் 'பிரைஸ் மேட்ச்' வாக்குறுதி கொடுத்தவர்கள்தான். வேறெங்காவது குறைவாகக் கண்டால் அந்த விலைக்கே தருகிறோம் என்பதுதான் அது. ஆனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் பொதுவாக என்ன இருக்கும்? அதே மாடல், அதே அளவு, அதே நிறம், அந்தக் கடையில் கையிருப்பில் இருக்க வேண்டும்... இப்படி வரிசையாக நிபந்தனைகள். இன்னொன்றும் உண்டு. கரேரா, அப்போலோ, போர்ட்மேன் மூன்றும் ஹால்ஃபோர்ட்ஸின் சொந்த பிராண்டுகள். ஈவான்ஸுக்கு பினாக்கிள். ஒரே கடையில் கிடைக்கும் சரக்குக்கு எந்தக் கடையோடு விலையை ஒப்பிடுவது? வாக்குறுதி கொடுத்தாலும் கைக்காசு போகாத இடம் அது.

பொருளாதாரக்காரர்களுக்கு இந்த வாக்குறுதி மீதே ஒரு சந்தேகம் உண்டு. ஸ்டீவன் சாலப் 1986இல் எழுதியது இதைப் பற்றித்தான். எல்லாக் கடையும் "நாங்களும் அதே விலைக்குத் தருவோம்" என்று அறிவித்துவிட்டால், முதலில் விலையைக் குறைப்பவருக்கு என்ன லாபம்? புது வாடிக்கையாளர் யாரும் வரப்போவதில்லை. அதனால் யாரும் குறைக்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்குச் சலுகை மாதிரி தெரிவது விலையை மேலேயே பிடித்து வைக்கும் கயிறாகிவிடும்.

அழகான வாதம்தான். ஆனால் சைக்கிள் வியாபாரத்தில் கயிறு அறுந்துபோனது. காரணம் சரக்கு. 2020 ஊரடங்கில் எல்லோரும் சைக்கிள் வாங்கக் கிளம்ப, கடைகள் காலியாகின. தட்டுப்பாட்டுக்குப் பயந்து கடைகள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தன. அது வந்து சேர்ந்தபோது வாங்க ஆளில்லை. புது வருட மாடல் வந்தால் பழையது வயசாகிவிடும் வேறு. கோடவுனில் பணம் தூங்கும்போது சாலப்பின் வாதமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எவ்வளவுக்காவது தள்ளிவிட்டால் போதும் என்ற நிலை.

இதில் சின்னக் கடைகள்தான் முதலில் விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். பல விழுந்தன, மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் கதையையும் பாருங்கள். 1921இல் லண்டனில் தொடங்கிய ஈவான்ஸ், ஊரடங்குக்கெல்லாம் முன்பே, 2018 அக்டோபரில் திவாலாகி 80 லட்சம் பவுண்டுக்கு மைக் ஆஷ்லியின் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் கைக்குப் போனது. விக்கிளும் அதன் பெரிய போட்டியாளரான செயின் ரியாக்‌ஷனும் 2016இல் ஒன்றாக இணைந்தன. 2023 அக்டோபரில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. அங்கே தள்ளுபடி மட்டும் காரணமில்லை, தாய் நிறுவனத்துக்கு வரவேண்டிய 15 கோடி யூரோ கடைசி நேரத்தில் வராமல் போனது. 2024இல் அந்தப் பெயர்களை வாங்கியவர் யார் தெரியுமா? பெயர் மாறி ஃபிரேசர்ஸ் குரூப் ஆகிவிட்ட அதே ஸ்போர்ட்ஸ் டைரக்ட். ஒரு காலத்தில் ஈவான்ஸில் விக்கிள் விலையைக் காட்டிப் பேரம் பேசியவர்கள், இப்போது ஒரே முதலாளியிடம் அவருடைய இன்னொரு கடை விலையைக் காட்ட வேண்டும் :-)

சரி, நம்ம சனிக்கிழமைக் கடைக்காரர் என்ன செய்வார்? விவரமானவராக இருந்தால் 900க்கு இறங்க மாட்டார். "விலை ஆயிரம்தான். ஆறு வாரம் கழித்து கேபிள் தளர்ந்ததும் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறேன். சீட் ஒத்துவரவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்" என்பார். அந்த வேலைக்கு அவருக்கு ஆகும் செலவு ஒரு மணி நேர உழைப்பு. நூறு பவுண்டைத் தூக்கிக் கொடுப்பதைவிட அது குறைவு. சிலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். சிலர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள், அந்த முக்கால் மணி நேரத்தோடு.

அப்படிக் கிளம்பியவரின் சைக்கிள் பத்து நாளில் அட்டைப்பெட்டியில் வந்து சேரும். ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலை மாட்டி, முன்சக்கரத்தைப் பொருத்த வேண்டும். கியர் மாற்றும்போது செயின் கரகரவென்று சத்தம் போடும், டிஸ்க் பிரேக் உரசும். அடுத்த சனிக்கிழமை அதைத் தள்ளிக்கொண்டு அதே கடை வாசலுக்கு வருவார். கடைக்காரர் சிரித்தபடி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, சுவரில் தொங்கும் சர்வீஸ் கட்டணப் பலகையைக் காட்டுவார். அந்தப் பலகையில் பிரைஸ் மேட்ச் கிடையாது.