சக்கரத்தின் மேல் ஒரு வீடு

பினாங்குத் தீவுக்கு நம் தோட்டத்து மக்கள் போகாதவர்கள் அல்லர். தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை, நல்லது கெட்டதற்கு உறவினர் வீடு, சேலை எடுக்கப் பினாங்கு வீதி. இம்மூன்றோடு பிரயாணம் முற்றுப்பெறும். நடுவில் நிற்கும் மலைத்தொடருக்கு மேற்கே பாலிக் புலாவ் என்றோர் ஊர் உண்டென்பதும், மலாய் மொழியில் அப்பெயர் தீவின் பின்புறத்தைக் குறிப்பதென்பதும், அதற்கும் வடக்கே கடலோரத்தில் ஒரு தேசியப் பூங்கா உண்டென்பதும் நம்மவரிற் பலர் கேள்விப்படாதவை. கேள்விப்பட்டவரும், "காட்டில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?" என்பர். அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட நான் ஒருப்படேன். காட்டை அழித்துத் தோட்டமாக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அட்டையும் காய்ச்சலுமே அவர்கள் கண்ட காடு.

சென்ற மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, கெடாவிலுள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து நானும் மனைவியும் மகனும் என் தாயாரும் மூன்று நாளைக்கு ஒரு "கேம்பர் வேன்" வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை யாவும் உள்ளே அமைந்த வண்டி அது. வாடகைத் தொகையைக் கேட்ட தோட்டத்து நண்பர் ஒருவர், "கிராணிக்கு நாலு நம்பர் அடித்ததோ?" என்றார். தாயாரோ ஏறியவுடன் நாற்புறமும் நோக்கி, "அடுப்பு நன்றாயிருக்கிறது. ஆனால் வீட்டோடு ஊர்விட்டு ஊர் போவது எனக்குப் புதிதன்று, ஐயா" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். முப்பது ஆண்டுகளுக்கு முன், அவர் பால் மரம் வெட்டிய இரப்பர்த் தோட்டம் கைமாறிற்று, மரங்கள் வீழ்ந்தன, லயத்தைக் காலி செய்யத் தவணை கொடுக்கப்பட்டது. ஒரு லாரியில் அம்மிக்கல்லும் கோழிக் கூடையும் தகர அலமாரியும் ஏற்றி, என்னை மடியிலிட்டுக்கொண்டு தாயார் வந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் வேரோடு பெயர்த்து வைத்த கறிவேப்பிலைச் செடி ஒன்றும் உடன் வந்தது. அச்செடி புதிய தோட்டத்திற் பிழைக்கவில்லை என்பதை இன்றும் சொல்வார். லயம் போனதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

முதல் நாள் இரவு பாலிக் புலாவில் ஒரு சீனரின் டுரியான் தோப்பருகே, அவர் அனுமதியோடு வண்டியை நிறுத்தினோம். பழம் வாங்கவேண்டும் என்பதே நிபந்தனை. அதைவிட இனிய நிபந்தனையை நான் எந்த உடன்படிக்கையிலும் கண்டதில்லை. சாதிக்காய்ச் சாறும் லக்சாவும் அவ்வூரின் வேறு இரு சிறப்புகள். நள்ளிரவில் இருளில் எங்கோ பழம் தொப்பென்று விழும். தாயார் வண்டியின் படியில் அமர்ந்து, விழுந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று என்று காலையில் அறிவித்தார்.

மறுநாள் சுங்கை பினாங், தித்தி கெராவாங் வழியாக மலைப்பாதையில் வளைந்து வளைந்து தெலுக் பஹாங் சேர்ந்தோம். பூங்காவின் வாயிலோடு வண்டியின் பெருமை முடிந்தது. அமெரிக்காவில் 1872இல் ஏற்பட்ட எல்லோஸ்டோன் பூங்கா 1915இல் மோட்டார் வண்டிகளை உள்ளே அனுமதித்தது. அதன்பின் வீட்டு வண்டியோடு காட்டுக்குள் தங்குவது அங்கே வழக்கமாயிற்று. இங்கோ உள்ளே சாலையே கிடையாது. நடக்கவேண்டும், அல்லது படகேறவேண்டும். 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்த தாமான் நெகாராவின் முன்னே, சுமார் 12 சதுரக் கிலோமீட்டர் நிலமுள்ள இப்பூங்கா ஒரு கையகலம். எனினும் 1980ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட காடு இதுவே, ஆண்டு 2003. அதற்கு முன் பந்தாய் ஆச்சே காப்புக் காடாக இருந்தது.

தாயாரின் முழங்காலை எண்ணிப் படகு அமர்த்தினோம். குரங்குக் கடற்கரையைக் கடந்து, 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் முக்கா ஹெட் முனையைச் சுற்றிப் பந்தாய் கெராச்சுட்டில் இறங்கினோம். அங்கே ஓர் ஏரி. மேலே நன்னீர், கீழே கனத்த உப்புநீர், இரண்டும் கலவா. கோடையில் வற்றிவிடும் ஏரி, எங்கள் நல்வினையால் அன்று நிறைந்திருந்தது.

ஏரியைவிடத் தாயாரைக் கவர்ந்தது ஆமைக் காப்பகம். பச்சை ஆமை அக்கரை மணலிற் குழி தோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். அவற்றைக் காவலர் எடுத்து வேலியிட்ட மணலிற் புதைப்பர். இரண்டு மாதத்திற் குஞ்சுகள் வெளிவரும். மணல் சூடாயிருந்தாற் பெண்ணும், குளிர்ந்திருந்தால் ஆணும் மிகுதியாம். கடலிற் சென்ற பெண் குஞ்சு பருவமடைய இருபத்தைந்து ஆண்டோ அதற்கு மேலுமோ ஆகும். பிறகு பூமியின் காந்தப் புலத்தைத் துணையாகக் கொண்டு, தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும். இவற்றை மலாய் இளைஞர் ஒருவர் விளக்கினார்.

தாயார் தமக்குத் தெரிந்த மலாயில் அவரைக் கேட்டார்: "அத்தனை ஆண்டுகளில் இந்தக் கரையை யாரும் விற்றுவிடவில்லையா, தம்பி?"

இளைஞர் நகைக்கவில்லை. "இது விற்பனைக்கு இல்லை, அம்மா. சட்டம் இருக்கிறது" என்றார். தாயார் வேலிக்குள் நட்டிருந்த குச்சிகளையும், அவற்றில் எழுதியிருந்த தேதிகளையும் வெகுநேரம் பார்த்து நின்றார்.

திரும்பும் படகில் மகன், "அப்பா, கிராணி வேலை முடிந்தால் நம் வீட்டையும் கொடுத்துவிட வேண்டுமா?" என்றான். தோட்டத்து வீடு தோட்டத்தினுடையது, கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றேன். தாயார் கடலையே நோக்கியிருந்தார். அன்றிரவு மடக்கு மேசையை விரித்து, நானும் மனைவியும் சுங்கைப் பட்டாணியில் ஒரு சிறு வீட்டிற்கு முன்பணம் சேர எத்தனை ஆண்டாகுமென்று கணக்கிட்டோம். ஒன்பது என்று வந்தது. தாயார் அத்தாளை வாங்கிப் பார்த்து, கறிவேப்பிலை வைக்க வாசலில் இடமிருக்குமா என்று கேட்டார்.