மிக் 21ம் ரப்பர் பாலும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீசுல ஆணி அதிகம் (பொட்டி தட்டுறவன் வேற என்ன காரணம் சொல்லப்போறான்). அதுக்கு நடுவுல, சொந்தக் காசு போட்டு வாங்கின ஒரு ஏரோப்ளேனை சொந்தக் கையாலேயே நாசம் பண்ணின கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிடறேன்.

ஏரோப்ளேன்னா நிஜம் இல்லீங்க. பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல். எங்க அம்மா மொழியில 'இந்த வயசுல பொம்மை'. 72ல் ஒரு பங்கு அளவுல ஒரு மிக் 21. நிஜ விமானத்தோட இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 7.15 மீட்டர். என் மேஜையில அது பத்து சென்டிமீட்டர்கூட வராது.

ஏன் மிக் 21? அப்பா விமானப்படையில ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். தொண்ணூறுகள்ல கொஞ்ச வருஷம் அஸ்ஸாம் தேஜ்பூர்ல இருந்தார். சின்னப் பையன்கள் மிக் 21 ஓட்டிப் பழகின இடம் அது. காலையில அவங்க ஏறிப் பறக்க, ராத்திரி டார்ச் லைட்டோட அடியில படுத்து ஒவ்வொரு ஆணியா பார்த்தவங்கள்ல எங்க அப்பாவும் ஒருத்தர் (நிஜமாவே ஆணி பார்த்தது அவர்தான், நான் இல்லை). இருபது வருஷம் முடிச்சுட்டு வந்து காலாப்பட்டுல வீடு கட்டினார்.

காலேஜ் மூணாவது வருஷம், சாப்பிடும்போது டிவியில ஒரு விபத்துச் செய்தி. பத்திரிகையில படிச்ச திமிர்ல "பறக்கும் சவப்பெட்டிதானேப்பா அது"ன்னுட்டேன். அப்பா சோத்துல இருந்து கையை எடுத்தார். "அதைப் பார்த்துப் பார்த்து அனுப்பினவன்டா நான்" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு கை கழுவப் போயிட்டார். எங்க வீட்ல மன்னிப்பு கேக்கற வழக்கம் எல்லாம் கிடையாது. மிஞ்சிப் போனா ஒருத்தருக்கு ஒருத்தர் டீ போட்டுக் குடுப்போம். அன்னிக்கு அதுவும் போடலை.

1963ல் சண்டிகர்ல சேர்ந்த மிக் 21க்கு அதே சண்டிகர்ல 2025 செப்டம்பர் 26ஆம் தேதி விடை குடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்ததும், அந்தத் தேதிக்குள்ள ஒண்ணு செஞ்சு அப்பா முன்னாடி வைக்கணும்னு தோணிச்சு. கிட் வந்தாச்சு, ஒட்டியாச்சு. அப்பாவோட பழைய குரூப் போட்டோவுல பின்னாடி நிக்கிற விமானம் மாதிரியே பச்சையும் மண் நிறமுமா அடிக்கணும்.

முழுசும் மண் நிறம் அடிச்சு, அது எங்கெல்லாம் தெரியணுமோ அங்கே மறைச்சுட்டு, மேல பச்சை அடிச்சு, மறைப்பை உரிக்கணும். நேர்கோடுன்னா டேப் போதும். இது வளைஞ்சு வளைஞ்சு போற திட்டு. அதனால லிக்விட் மாஸ்க் வாங்கினேன். பிரஷ்ஷால தடவினா காய்ஞ்சு ஒரு ரப்பர் தோல் மாதிரி ஆகும். அப்புறம் உரிச்சு எடுத்துடலாம். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க!

செப்டம்பர் 13, சனிக்கிழமை. மண் நிறம் அடிச்சு மூணு மணி நேரம். தொட்டா கையில ஒட்டலை. அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு. அக்ரிலிக் பெயின்ட் தொடுறதுக்குக் காயறது வேற, உள்ளே இறுகறது வேற. இறுக ரெண்டு நாளாவது வேணும். எங்க ஊர்ல கடல் காத்து எப்பவும் ஈரத்தோடதான் வரும், துணியே ஒழுங்கா காயாது, பெயின்ட் எங்கே காயும்? இன்னொரு தப்பு, பிளாஸ்டிக் மேல பிரைமர் அடிக்கலை. தண்ணியில கலக்குற அக்ரிலிக் வெறும் பிளாஸ்டிக்கை அவ்வளவா பிடிச்சுக்காது. மூணாவது, எல்லாத்தையும்விட மோசம்: அந்த வாரம் ஆபீசுல ரிலீஸ். மாஸ்க் தடவி பச்சையும் அடிச்சுட்டு அப்படியே விட்டுட்டேன், எட்டு நாள்.

21ஆம் தேதி ஞாயித்துக்கிழமை உரிச்சேன். வால் பக்கத்துல ரப்பர் வந்தது, கூடவே மண் நிறமும் வந்தது, அடியில சாம்பல் கலர் பிளாஸ்டிக் பல்லைக் காட்டிச்சு. இறக்கையில ரப்பர் வரவே மாட்டேன்னு பிசின் மாதிரி பிடிச்சுக்கிச்சு. நகத்தால சுரண்டி அதையும் கெடுத்தேன்.

கடுப்புல காலேஜ் ரூம்மேட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அவனுக்கு குலசேகரம், வீட்ல ரப்பர் தோட்டம். டப்பாவுல வெள்ளையா இருக்கு, திறந்தா மூக்கு எரியுதுன்னு சொன்னதும் சிரிச்சான். "மக்கா, அது எங்க ஊரு ரப்பர் பாலுல்லா!" மரத்துல வெட்டின பாலை ஷீட் ஆக்கணும்னா ஃபார்மிக் ஆசிட் ஊத்தி உறைய வைப்பாங்களாம். பாலாவே விக்கணும்னா உறையாம இருக்க அம்மோனியா கலப்பாங்களாம். அந்த மூக்கெரிச்சல் அம்மோனியாதான். அது ஆவியாகி தண்ணியும் போனதும் ரப்பர் துகள்கள் ஒண்ணா சேர்ந்து தோலா மாறுது.

அப்பத்தான் எனக்கு பல்பு எரிஞ்சது. தப்பா அடிச்ச அக்ரிலிக் பெயின்ட்டைக் கழட்ட, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தைத்தான் நிறைய பேர் பயன்படுத்துறாங்க. அதாவது பெயின்ட்டைக் காப்பாத்த நான் தடவினதுலயே பெயின்ட் ரிமூவரும் இருந்திருக்கு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க :-)

ஈசிஆர் ஜூஸ் கடையில அஞ்சு பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கிட்டு வந்து எல்லாத்துக்கும் அதே மண் நிறம் அடிச்சேன். மூணு மணி நேரத்துல மாஸ்க் தடவின ஸ்பூன், மாடல் மாதிரியே வழுக்கை. ரெண்டு நாள் காயவிட்டு, ஆனா பிரைமர் இல்லாம செஞ்சது ஓரத்துல மட்டும் உரிஞ்சது. பிரைமரும் போட்டு ரெண்டு நாளும் விட்டதுல பெயின்ட் நின்னுச்சு, ஆனா மாஸ்க் இருந்த இடம் மட்டும் லேசா மினுமினுன்னு கறை. நாலாவதுக்கு பெயின்ட் இறுகினப்புறம் மேல லாக்கர் வகை கிளியர் வார்னிஷ் ஒரு கோட். அக்ரிலிக் கிளியர் இல்லை, அதையும் அம்மோனியா விடாது. மறுநாள் மாஸ்க் தடவி மூணு மணி நேரத்துல உரிச்சேன். அப்படியே பாம்புச் சட்டை மாதிரி வந்தது! அஞ்சாவதும் அதேதான், ஆனா ஒரு வாரம் விட்டேன். பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை, ரப்பர்தான் துண்டு துண்டா பிய்ஞ்சு உயிரை வாங்கிச்சு. வார்னிஷ் போட்டாலும் அன்னிக்கே உரிச்சுடணும்.

தடவுறதுலயும் விஷயம் இருக்கு. ரொம்ப மெல்லிசா தடவினா உரிக்கும்போது கிழியும். ஒரேயடியா கெட்டியா ஊத்தினா அடியில அம்மோனியா ரொம்ப நேரம் ஈரமா உட்கார்ந்திருக்கும். ரெண்டு மெல்லிசான கோட் சரியா வருது. வெள்ளை நிறம் போய் கண்ணாடி மாதிரி ஆனாத்தான் காய்ஞ்சதுன்னு அர்த்தம். டப்பாவைக் குலுக்காதீங்க, குமிழி வரும். குமிழி உடைஞ்ச ஓட்டை வழியா பச்சை உள்ளே போயிடும். பிரஷ்ஷை முதல்ல சோப்புத் தண்ணியில நனைச்சுக்கலைன்னா பிரஷ் காலி (என்னுது காலி). உரிக்கும்போது மேல தூக்காம, பின்பக்கமா மடிச்சு, பரப்போட ஒட்டியே இழுக்கணும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க. ரப்பர் அலர்ஜி இருக்கிறவங்க இந்த வேலையே வேண்டாம், டேப் போதும்.

சரி, 26ஆம் தேதிக்கு வருவோம். வெள்ளிக்கிழமை. லீவு போட்டுட்டு அப்பாவோட உட்கார்ந்து டிவி பார்த்தேன். கடைசியா இறங்கின மிக் மேல ரெண்டு பக்கமும் தண்ணி பீய்ச்சினாங்க. அப்பா ஒண்ணும் பேசலை. நான் உள்ளே போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தேன். கூடவே வால் வழுக்கையா இருந்த அந்த மாடலையும்.

கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலை ஒருதரம் கட்டை விரலால தடவினார். நான் அம்மோனியாவுல ஆரம்பிச்சு ஏதோ விளக்கப் போனேன்.

"பெயின்ட்டை விடு. பிட்டாட் எங்கடா?"

மூக்குல நீட்டிக்கிட்டு இருக்கிற குச்சி. வேகத்தை அளக்கிற குழாய். ஒட்டும்போதே உடைஞ்சு மேஜைக்கு அடியில எங்கேயோ போயிடுச்சு. இது இல்லாம எப்படிப் பறக்கும்னு கேட்டார். பறக்காதுன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் தேஜ்பூர் கதை சொன்னார், முதல் தடவையா. அதை எல்லாம் இங்கே எழுதறதுக்கு இல்லை.

பெயின்ட்டை முழுசா கழட்டிட்டேன் (எதால கழட்டினேன்னு உங்களுக்கே தெரியும்). பிரைமர், மண் நிறம், ரெண்டு நாள், வார்னிஷ், மாஸ்க், பச்சைன்னு இந்த முறை அவசரப்படலை. இப்போ டிவி மேல நிக்குது. பிட்டாட் குழாய் அப்பாவோட வேலை. ஒரு தையல் ஊசியை அரத்தால ராவி அளவாக்கி, சூப்பர் க்ளூ வெச்சு அவரே ஒட்டினார். அம்மா இன்னும் அந்த ஊசியைத் தேடிட்டு இருக்காங்க. யாராவது வீட்டுக்கு வந்தா தயவுசெஞ்சு போட்டுக் குடுத்துடாதீங்க.