வல்லுநர் சொல்லுக்கு ஓர் உரைகல்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,312 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளில் ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பதிவிறக்குவதற்கும் பொறுமை வேண்டியிருந்தது. கேபிள் வழியே கட்டுரைகளோடு வேறொன்றும் தங்குதடையின்றி வந்து சேர்ந்தது: பங்குச்சந்தை வல்லுநர்களின் ஓயாத குரல். எந்தத் தொழில்நுட்பப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று மும்பையில் ஒருவர் சொல்லும் கணத்திலேயே போர்ட் பிளேயரிலும் (2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம்) கேட்க முடிகிறது.

கேட்பவருக்கு இது பொழுதுபோக்கன்று. தீவுகளில் அரசுப் பணியே பலருடைய வாழ்வாதாரம். 2004 ஜனவரி 1-க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்காகக் கொண்டுவரப்பட்ட திட்டம், முதுமைக்கான சேமிப்பின் ஒரு பகுதியைச் சந்தையோடு பிணைத்தது. அதற்கு மேலும் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைத் தொழில்நுட்பப் பங்குகளில் இட நினைக்கும் ஒரு பள்ளி ஆசிரியரை எண்ணிக்கொள்வோம். அவர் நிதியியல் கற்றவரல்லர். பேசுகிறவர் எல்லாருக்கும் பட்டமும் பதவியும் இருக்கின்றன. ஒருவர் சொல்வதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்கிறார். எதைக்கொண்டு அவர் தரம் பிரிப்பது?

அவரிடம் ஓர் உரைகல் இருக்கிறது. அவர் வாழும் தீவுதான் அது. ‘அந்தமானுக்குக் கேபிள் வந்துவிட்டது, இனித் தொலைத்தொடர்புப் பங்குகள் ஏறும்’ என்று ஒரு வல்லுநர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கேபிளைப் போடுவித்தது பி.எஸ்.என்.எல்.; அது முழுக்க அரசுடைமை, சந்தையில் அதன் பங்கே கிடையாது. பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து அரசு பெறும் தீர்வையால் நிரம்பும் சேவை நிதியிலிருந்து வந்தது. கடலில் இறக்கும் பணி ஜப்பானின் என்.இ.சி. குழுமத்திடம் இருந்தது, அதன் தாய் நிறுவனத்தின் பங்கு டோக்கியோவில் விற்பனையாகிறது. எஞ்சியிருப்பவை கேபிளைப் பயன்படுத்தும் தனியார் நிறுவனங்கள். ஏர்டெல் உடனடியாக 4ஜி சேவையைத் தொடங்கியது உண்மை. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள்தொகை சுமார் 3.8 இலட்சம், அந்த ஆண்டுகளில் ஏர்டெலின் இந்திய வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 30 கோடி. கைக்குழந்தை உட்படத் தீவினர் அனைவரும் அந்நிறுவனத்துக்கு மாறினாலும் கூடுவது ஆயிரத்துக்கு ஒன்றேகால் பேர். தீவின் வாழ்க்கையையே மாற்றிய நிகழ்வு, பங்கின் விலையில் ஒரு தூசு. இக்கணக்கைப் போடாமல் பேசியவர், ஆசிரியர் அறியாத குறைக்கடத்தித் துறையைப் பற்றியோ செயற்கை நுண்ணறிவைப் பற்றியோ பேசும்போது மட்டும் கணக்குப் போட்டிருப்பார் என்று நம்பக் காரணமில்லை. நமக்குத் தெரிந்த இடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே, தெரியாத இடத்தில் அவருக்கு நாம் தரும் மதிப்புக்கு அளவாக வேண்டும். ஆய்வுலகில் பழகியவர்களும் இதைச் செய்வதில்லை. தம் துறையைப் பற்றி நாளிதழ் எழுதிய பிழையைக் கண்டு சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்தை அப்படியே நம்புகிறார்கள்.

வல்லுநரை நம்புவது உயிரோடு தொடர்புடையது என்பதைத் தீவு மக்கள் சந்தைக்கு முன்பே கடலிடம் கற்றவர்கள். 2004 பேரலைக்குப் பின், 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் அலை வரும் என்று அது சொல்கிறது. அலைமானிகள் அச்சொல்லைச் சிறிது நேரத்திலேயே சோதித்துவிடுகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவை அடுத்த கடலில் 8.6 அளவு நிலநடுக்கம் நேர்ந்தபோது நிக்கோபார் கரைகளுக்கு எச்சரிக்கை விடப்பட்டது; வந்தவை சிற்றலைகளே. பாறைத்தட்டுகள் மேல்கீழாக அன்றிப் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம் என்பது வெளிப்படையாக விளக்கப்பட்டது. கணிப்பு மிகையானபோதும் மையத்தின் மதிப்பு குறையவில்லை. எங்கே, ஏன் வேறுபட்டது என்பதை எவரும் பார்க்க முடிந்தது. டேனியல் கானமன், கேரி கிளைன் ஆகிய இரு உளவியலாளர்கள், எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்களாக இருந்தும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் சொன்னதும் இதை ஒட்டியதே. ஒழுங்குள்ள சூழலும், தன் கணிப்பின் விளைவைக் கண்டு திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் இல்லாத இடத்தில் வல்லமை வளராது. பங்குத் தேர்வு அத்தகைய இடங்களில் ஒன்று. ‘நீண்டகால நோக்கில் நல்ல பங்கு’ என்ற வாக்கியத்தைச் சோதிக்கும் அலைமானி எங்கும் இல்லை.

பட்டம் ஈடாகாதா என்று கல்வியுலகம் கேட்கும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விடை சொல்லும். அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஹைதராபாத்தின் பெயர்பெற்ற மேலாண்மைப் பள்ளியின் தலைவர் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று நிறுவனரின் குடும்பத்தார் நடத்திய இரு கட்டுமான நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அக்குழு ஒப்புதல் தந்தது. மென்பொருள் நிறுவனத்துக்கு மனைநிலம் எதற்கு என்று முதலீட்டாளர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரங்களில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கிலுள்ள 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று நிறுவனரே எழுதினார். ஒரே நாளில் பங்கு முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அந்தப் பொய்யை வெளியாள் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாதுதான், தணிக்கையாளரே கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நிறுவனர் குடும்பத்தின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது, யாரும் படிக்கக்கூடிய காலாண்டு அறிக்கையில் இருந்தது.

ஆகவே ஆசிரியர் பரிந்துரையின் முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கத்தின் சிற்றெழுத்தைப் படிப்பது நல்லது. செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் ஒழுங்குமுறைகள், பரிந்துரைப்பவர் அந்தப் பங்கில் தமக்குள்ள நலனையும் அந்நிறுவனத்திடம் பெற்ற ஊதியத்தையும் வெளியிடுமாறு கட்டாயப்படுத்துகின்றன. ஊடகத்தில் பேசுகிறவருக்கும் வெளிப்படுத்தும் கடமை உண்டு. திரையில் அது ஓடி மறையும் ஒரு வரி. 2024 பிப்ரவரியில் செபி பிறப்பித்த ஓர் இடைக்கால ஆணை, தொலைக்காட்சி விருந்தினர்களாக வந்த வல்லுநர்கள் தம் பரிந்துரைகளை ஒளிபரப்புக்கு முன்பே சிலருக்குச் சொல்லி, அவர்கள் வாங்கி விற்ற இலாபத்தில் பங்குபெற்றதாகக் குற்றஞ்சாட்டியது. அதுவரை அந்நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வல்லுநரின் பெயர் தெரிந்தது, பதவி தெரிந்தது, இலக்கு விலைகூடத் தெரிந்தது. அந்தப் பங்கை யார் முன்னரே வாங்கி வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.