தாத்தா வயல் காசு... தடுமாறிய ஆப்!

திருவண்ணாமலை கிரிவலம் மொத்தம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரி நடந்து பாருங்க, காலை விட கண்ணுக்குத்தான் வேலை ஜாஸ்தி. எட்டு லிங்கங்களுக்கு நடுவுல ருத்ராட்சம், சுக்கு காபி, சாக்கு விரிச்சு பழைய காசு விக்கிறவங்கன்னு களை கட்டும். இப்போ அந்தக் காசுக் கடை முன்னாடி உட்கார்ற பசங்க கையில ஏ.ஐ. ஆப்! ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்தா போதும்... நாடு, வருஷம், விலை எல்லாம் சொல்லி, ஆல்பமாவும் அடுக்கித் தருது.

அறுகோண 3 பைசாவைக் காட்டினோம், கரெக்ட்! 1970-ம் வருஷத்து தாமரைப்பூ 20 பைசா, அதுவும் கரெக்ட். ஆனா, விலையைப் பார்த்ததும் கடைக்கார அக்காவுக்குச் சிரிப்பு. ''லட்சுமி பூஜைக்கு 108 சேர்க்கிறவங்க வந்தா என்ன வெலைக்குப் போகும்னு அதுக்குத் தெரியுமா தம்பி?'' அதானே!

கூட வந்த ஃப்ரெண்ட், செங்கம் பக்கம் தாத்தா வயல்ல கிடைச்ச செப்புக்காசை எடுத்தான். முதல் போட்டோவுக்கு ஒரு ராஜா, ரெண்டாவதுக்கு வேற நாடு! ஆப் மேல தப்பில்லைங்க. மெஷின்ல அடிச்ச காசு எல்லாம் ஒரே அச்சு. சுத்தியலால தட்டின காசு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. எடையும் போட்டோவுல தெரியாது. 'புளி போட்டுத் தேய்ச்சா எழுத்து தெரியுமே'ன்னு ஐடியா வேற! அந்தக் கருப்புப் படலம் போனா மதிப்பும் போச்சு.

அதே செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியிலதான் தமிழ் பிராமி எழுத்து பொறிச்ச ஈயக் காசுகள் கிடைச்சிருக்கு. இந்தப் பக்கத்தை யார் ஆண்டாங்கன்னு தேடறவங்களுக்கு அது பெரிய துப்பு. எந்த ஊர்ல கிடைச்சதுன்னு தெரியாம போயிருந்தா, வெறும் ஈயத் துண்டு! ஆப் சொன்ன விலைக்கு நம்மாளு வித்திருந்தா, தாத்தா வயலும் சேர்ந்து காணாமப் போயிருக்கும். அதனால முதல்ல எடை, கிடைச்ச இடம், கிடைச்ச வருஷம்னு நோட்டுல எழுதுங்க. மண்ணுல கிடைச்ச புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்லணும்கிறது 1878-ம் வருஷச் சட்டம்.

'வைஷ்ணவ தேவி காசுக்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க'ன்னு யாராவது ரிசர்வ் பேங்க் பேரைச் சொல்லி போன் பண்ணா, கட் பண்ணிடுங்க. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் எச்சரிச்சாச்சு. அந்தக் கமிஷனை குபேர லிங்கத்துக்குப் போட்டாலாவது ஒரு விபூதி கிடைக்கும் பாஸ்!