கெயின் திருகும் கைகள்

திருவனந்தபுரத்தில் கரமனையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பக்கம் சீட் கவரும் மிதியடியும் விற்கிற கடை. பின்பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவுக்குத் தகரக் கூரை. வேலை செய்பவர்கள் மூவர். மூத்தவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். காலையில் குழித்துறையில் ரயில் ஏறி வருகிறார். மற்ற இருவரும் தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படித்த நெய்யாற்றின்கரைப் பிள்ளைகள். மூத்தவரை எல்லோரும் ‘ஆசான்’ என்றே அழைக்கிறார்கள். தமிழும் மலையாளமும் முறை வைக்காமல் கலந்துவரும் பேச்சு.

கார்களுக்கு சப்ஊஃபர் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரைப் பொருத்தும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். ஓர் இளைஞர் தன் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். வேறோர் இடத்தில் மாட்டிய சப், சில மாதங்களிலேயே ஊமையாகிவிட்டதாம். ஆசான் கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். உள்ளே கரகரவென்று உரசல். பெட்டியிலிருந்து கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாடை.

“ஆம்ப் பவர் பத்தாததாலதான் போச்சுன்னு சொன்னாங்க அண்ணா. பெருசா ஒண்ணு போடலாமா?” என்றார் இளைஞர்.

“பவர் பத்தாம எந்த காயிலும் கருகாது தம்பி. கெயினை முழுசும் திறந்து வச்சிருக்கு. அதை வால்யூம்னு நினைச்சுட்டாங்க, கேட்டியா?”

இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது சிறிய மின்னழுத்தம். சிலவற்றில் 2 வோல்ட், சிலவற்றில் 4 வோல்ட். எவ்வளவு வோல்ட் வந்தால் ஆம்ப் தன் முழுத் திறனைத் தொட வேண்டும் என்று சொல்லிவைக்கும் திருகுதான் கெயின். அதைக் கூட்டுவதால் ஆம்ப்பின் திறன் ஒரு வாட்கூட ஏறாது. உச்சத்தை அது சீக்கிரம் தொட்டுவிடும், அவ்வளவே. அதற்கு மேலும் கேட்டால் ஒலியலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப் போல இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமந்துவரும். சப்ஊஃபருக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது, மிச்சம் வெப்பம். அந்த வெப்பத்தில், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலைப் பிடித்திருக்கும் பசை இளகுகிறது, கம்பியின் மேல்பூச்சு கருகுகிறது.

புதிய சப்பை மாட்டினார்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்கும் திறன், 250 வாட், 4 ஓம். டிக்கியிலிருந்த ஆம்ப்போ 400 வாட் தரக்கூடியது. அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருந்த பி.எம்.பி.ஓ. எனும் கணநேர உச்ச வாட்டை ஆசான் பார்க்கவே இல்லை. சிறு நோட்டில் கணக்கு எழுதினார்: 250-ஐ 4-ஆல் பெருக்கினால் 1000, அதன் வர்க்கமூலம் 31.6. ஆம்ப்பின் வாயில் அத்தனை வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆம்ப் பெரியது என்பதால் சப்பின் அளவை வைத்துத்தான் கணக்கு.

பிறகு நடந்தது பொறுமையான வேலை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியில் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். சப்பின் ஒயரைக் கழற்றினார்கள். ஈக்வலைசரை நடுவில் வைத்து, லவுட்னெஸ், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்தார்கள். லோ பாஸ் ஃபில்டரை முழுக்கத் திறந்தார்கள். கெயின் அடிமட்டத்தில். பென்டிரைவிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, உள்ளங்கை அளவு ஆசிலாஸ்கோப்பில் முதலில் ஸ்டீரியோவையே சோதித்தார்கள். 40 வரை போகும் வால்யூமில் 34-ஐத் தாண்டியதும் அலையின் தலை தட்டையானது.

“வெட்டுது பாத்தியா? இந்தச் செட்டுக்கு 30 போதும்” என்றார் ஆசான்.

வால்யூமை 30-இல் நிறுத்தி, மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, இளையவர் கெயினைத் திருகினார். 12, 19, 26 என்று ஏறி 31.6-இல் நின்றது. திருகு பாதித் தூரம்கூடப் போகவில்லை. அங்கே ஆசான் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டார். பிறகு ஃபில்டரை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து சப்பை இணைத்தார்கள்.

“பாஸ் பூஸ்ட்டைத் தொடாதே” என்று இளைஞரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். காரணம் இருக்கிறது. 6 டெசிபல் பூஸ்ட்டுக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. அளந்து வைத்ததையெல்லாம் அந்த ஒரு குமிழ் கலைத்துவிடும்.

மீட்டரைத் தொடுவதற்கு முன்பே ஒயர் வேலை தொடங்கியிருந்தது. இது கடலோர ஊர். வருடத்தில் இரண்டு மழைக்காலம். எர்த் கொடுத்த இடம் துருப்பிடித்தால் ஆம்ப்புக்கு வோல்ட் குறையும், ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும். அதனால் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட் முறுக்கினார்கள். பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். செம்பு பூசிய அலுமினிய ஒயரை ஆசான் கையால் தொடுவதில்லை. ஆயிரம் வாட் கேட்டு வருபவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: அதற்கு 90 ஆம்பியர் போல வேண்டும், சிறிய காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சுற்றுலா பஸ்களில் ஸ்பீக்கர் பொருத்தும் வேலையை இப்போது எடுப்பதில்லை என்றார் ஆசான். 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் மாணவர்கள். விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது வேகம். ஆனால் அதன்பின் கேரளத்தில் பஸ்களின் கண்கூசும் விளக்குகள் மீதும் அதிரும் ஒலி மீதும் கெடுபிடி இறுகியது. இறுகியது நல்லதுதான் என்றே அவரும் நினைக்கிறார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் தாங்குவது 15 நிமிடம். செவித்திறன் இழந்தவர்களுக்காக 1997 முதல் இயங்கும் ‘நிஷ்’ நிறுவனம் இருப்பதும் இதே ஊரில், ஆக்குளத்தில்தான்.

எனக்கு உறுத்தியது கூலி. பெட்டிக்கும் ஆம்ப்புக்கும் பேரம் பேசாமல் கொடுப்பவர்கள், அளந்து வைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தர மறுக்கிறார்கள். “ஒரு திருகு திருக இவ்வளவா?” என்று கேட்கிறார்களாம். அதனால் பல கடைகள் அளப்பதையே விட்டுவிட்டு, காதுக்குக் கேட்டால் போதும் என்று அனுப்பிவிடுகின்றன. கருகுவது வாங்கியவரின் காசு. கெடுவது தொழிலின் பெயர்.

காரில் சப் போட நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பி.எம்.பி.ஓ.வை விடுங்கள், ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை வோல்ட்டில் கெயினை நிறுத்தினார்கள் என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மீட்டரை எடுத்து அளப்பவருக்கு அந்த நேரத்துக்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.