தாளின் போக்கு

காலஞ்சென்ற எம் நண்பரொருவரின் பாடல்களை யாம் நால்வர் கூடிச் சிறு நூலாக அச்சிட்டோம். முதல் மழைக்காலத்திலேயே ஏடுகள் அலைபோல் நெளிந்துவிட்டன. அவர் அன்னையார் அந்நூலைத் தலையணைக்கடியில் வைத்து அழுத்தி வருகின்றாரென்று கேட்டு நாணினோம். அச்சுக்கூடத்தாரை நொந்துகொண்டோம், பிழை அவர்களுடையதன்று.

தாள் செய்யும் யந்திரத்திற் பாயும் கூழில் 100க்கு 99 பங்கிற்கு மேல் நீரே. அத்துணை நீரிலும் நார்கள் ஒன்றையொன்று பற்றித் திரளும் இயல்புடையன. ஓட்டம் கலங்கிச் சுழன்றாலன்றித் திரள் கலையாது. தாளை வெளிச்சத்திற்கு நேரே பிடிக்குங்கால் மேகம் மேகமாய்த் தோன்றுவது கலையாத அத்திரளே. கையால் தாள் செய்வோர் சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் குலுக்கி நார்களைப் பின்னச் செய்வர். யந்திரத்திலோ கம்பிவலை ஒரே திசையில் ஓடுகின்றது. வலையின் வேகமும் கூழின் வேகமும் வேறுபடுமாயின் நார்கள் பெரும்பாலும் அத்திசையிலேயே படுத்துவிடும். ஈரம்பட்ட நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டிற் பருக்கும். ஆகவே தாளும் குறுக்கே விரியும். நூலின் முதுகு நார்ப்போக்கிற்கு இணையாயிருப்பின் தீங்கில்லை. சில தாள் மிச்சமாகுமென்று மாற்றி வெட்டச் சொன்னவர் யாமே!

மறுபதிப்பிற்குத் தாள் வாங்கியுள்ளோம். இம்முறை ஒரு துண்டை நனைத்து, எப்பக்கம் சுருள்கின்றதென்று பார்த்த பின்னரே வெட்டக் கொடுத்தோம்.