வன்கண்

மேருவில் இருந்த வீட்டை விற்று, அம்மா பணத்தை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். தம்பி பதினெட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தவன். கிறிஸ்துமஸுக்கு வருவான், போவான். சென்ற ஆண்டுதான் கிள்ளானுக்குத் திரும்பினான். ஆறு ஆண்டுகளாகச் செவ்வாய், வியாழன், சனி என்று அம்மாவை டயாலிசிசுக்கு ஏற்றிப் போய் வருபவன் நான். “சரிங்கம்மா” என்று காசோலையை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் தம்பி கூப்பிட்டால் நான் போனை எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் திராட்சைத் தோட்டக் கதை வந்தது. மத்தேயு 20ஆம் அதிகாரம். விடியற்காலையில் வேலைக்கு வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. கிராணி பாலை நிறுத்துக் கணக்கெழுதுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை எப்போதுமே பிடித்ததில்லை. எந்தத் தோட்டத்தில் இப்படிக் கூலி போட முடியும்?

முணுமுணுத்தவனை முதலாளி ஒரு சொல்லால் அடிக்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘வன்கண்ணன்’. (வள்ளுவர் ‘வன்கண்’ணை அமைச்சனுக்கு வேண்டிய உறுதி என்கிறார். இங்கே அது வசைச்சொல்.) கிரேக்க மூலத்தில் இருப்பது ‘கெட்ட கண்’ என்று போதகர் விளக்கினார். யூதர் வழக்கில் கெட்ட கண் என்றால் பொறாமை, கஞ்சத்தனம். நாம் பூசணிக்காய் உடைத்துக் கழிக்கிறோமே, அந்தக் கண்ணுக்கு உறவு.

‘கெட்ட’ என்பதற்கு அங்கே உள்ள கிரேக்கச் சொல் ‘பொனேரோஸ்’. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் கடைசி வேண்டுதலிலும் இதே சொல்தான். அங்கே அது நிற்கும் உருவத்தைத் ‘தீமை’ என்றும் படிக்கலாம், ‘தீயவன்’ என்றும் படிக்கலாம். பழைய தமிழ் ‘தீமை’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘தீயோன்’ என்றது. சிறு வயதிலிருந்து தினமும் சொல்லும் ஜெபம். அந்தத் தீமை எங்கோ வெளியே இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் போதகர் போகிற போக்கில் சொன்னார். அந்தச் சொல்லுக்கு வேர் ‘பொனோஸ்’, அதாவது கடும் உழைப்பு, பாடு. முதலில் பாடுபட்டு நொந்தவனைக் குறித்த சொல், பிறகு கெட்டவனுக்கும் கெட்டதற்கும் பெயராகிவிட்டது.

சுருக்கென்றது. முணுமுணுத்தவன் பொய் சொல்லவில்லையே! வெயிலில் நின்றது உண்மை. பேசிய கூலியும் குறையாமல் கைக்கு வந்தது. பக்கத்தில் நின்றவனின் கையைப் பார்த்த பிறகுதான் அவன் கண் கெட்டது. அம்மா என்னிடம் கூலி எதுவும் பேசியிருக்கவில்லை. கணக்கு வைத்திருந்தவன் நான்தான்.

அந்த முதலாளி செய்தது நியாயம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அன்று இரவு தம்பியைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, சாப்பிட்டியா?” என்றான். பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. வியாழக்கிழமை அம்மாவைத் தானே டயாலிசிசுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான்.

“வழி தெரியுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் கடுப்பாகத்தான்.